எங்கிருந்து எதுவரை: ஜாவாவின் ட்ரீமேப்பில் சாவி வரம்புகளைக் கையாளும் வழி

ஜாவா கற்கத் தொடங்கியவர்கள் மேப் என்றாலே ஹாஷ்மேப்பைத்தான் நினைக்கிறார்கள். ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் "ஏப்ரல் மாதத்து பில்கள் எவை?", "இந்த எண் எந்தப் பிரிவுக்குள் விழுகிறது?", "க என்று தொடங்கும் சொற்கள் எவை?" என்ற கேள்விகள் வரும்போது ஹாஷ்மேப் கையை விரித்துவிடும். அதற்குள் எந்த வரிசையும் இல்லை. ஆகவே எல்லாச் சாவிகளையும் லூப் போட்டுச் சுற்றி, ஒவ்வொன்றையும் இஃப் வைத்துச் சோதிக்கிறோம். பத்துச் சாவிகள் இருக்கும்போது குறை தெரியாது. பத்து லட்சம் இருக்கும்போது நன்றாகவே தெரியும்.

இந்தக் கேள்விகளுக்காகவே ஜாவாவில் ட்ரீமேப் இருக்கிறது. சாவிகளை எப்போதும் வரிசைப்படுத்தியே வைத்திருக்கும். உள்ளே சிவப்பு-கறுப்பு மரம் என்ற அமைப்பு இயங்குவதால், பத்து லட்சம் சாவிகளுக்கு நடுவிலும் சுமார் 20 ஒப்பீடுகளில் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். எவ்வளவு மோசமான நிலையிலும் 40-ஐத் தாண்டாது.

இந்தக் கட்டுரையில் வகுப்புகளின் பெயர்களையும் மெத்தட்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் தமிழிலேயே எழுதலாம். ஜாவா அதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. புதிதாகக் கற்பவர்கள் ஒருமுறையாவது அப்படி எழுதிப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

முதல் படி: மேப்பைக் கட்டுவது

நம் எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்திய எழுத்துமுறைகளுக்கும் சிங்களத்துக்கும் வரிசையாகத் தலா 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தொகுதியும் தொடங்கும் எண்ணைச் சாவியாகவும், அதன் பெயரை மதிப்பாகவும் வைப்போம்.

நேவிகபிள்மேப்<இன்டிஜர், ஸ்ட்ரிங்> தொகுதிகள் = நியூ ட்ரீமேப்<>();
தொகுதிகள்.புட்(2304, "தேவநாகரி");
தொகுதிகள்.புட்(2432, "வங்காளம்");
தொகுதிகள்.புட்(2560, "குர்முகி");
தொகுதிகள்.புட்(2688, "குஜராத்தி");
தொகுதிகள்.புட்(2816, "ஒடியா");
தொகுதிகள்.புட்(2944, "தமிழ்");
தொகுதிகள்.புட்(3072, "தெலுங்கு");
தொகுதிகள்.புட்(3200, "கன்னடம்");
தொகுதிகள்.புட்(3328, "மலையாளம்");
தொகுதிகள்.புட்(3456, "சிங்களம்");

இவற்றை எந்த வரிசையில் சேர்த்தாலும், அச்சிட்டுப் பார்த்தால் தேவநாகரி முதலிலும் சிங்களம் கடைசியிலும் நிற்கும்.

முதல் வரியில் மாறியின் வகையை நேவிகபிள்மேப் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பழைய பாடங்களில் சார்ட்டட்மேப் என்று இருக்கும். அது 1998-இல் ஜாவா 1.2 உடன் வந்த இன்டர்ஃபேஸ். நேவிகபிள்மேப் 2006-இல் ஜாவா 6 உடன் வந்தது. நாம் பார்க்கப்போகும் நல்ல மெத்தட்களில் பாதிக்குமேல் பின்னதில்தான் இருக்கின்றன. மாறியைச் சார்ட்டட்மேப் என்று அறிவித்துவிட்டால், உள்ளே இருப்பது ட்ரீமேப்பாகவே இருந்தாலும் கம்பைலர் அவற்றைத் தொடவிடாது.

இரண்டாம் படி: ஒரு சாவியின் அக்கம்பக்கம்

"க" என்ற எழுத்தின் எண் 2965. மேப்பில் 2965 என்ற சாவி இல்லை. ஆகவே கெட் போட்டால் நல் ("எதுவும் இல்லை" என்பதற்கான ஜாவாவின் குறி) தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது 2965-க்குச் சமமான அல்லது அதற்குக் கீழே மிக அருகில் இருக்கும் சாவி.

தொகுதிகள்.ஃப்ளோர்என்ட்ரி(2965)

விடை: 2944, தமிழ். ஒரே வரி, லூப் இல்லை, இஃப் இல்லை.

இந்த மெத்தட்டுக்கு மூன்று உடன்பிறப்புகள் உண்டு. பெயரின் பொருளைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. ஃப்ளோர் என்றால் தரை: நாம் நிற்கும் இடம், இல்லாவிட்டால் அதற்குக் கீழே மிக அருகில் இருப்பது. சீலிங் என்றால் கூரை: நாம் நிற்கும் இடம், இல்லாவிட்டால் அதற்கு மேலே மிக அருகில் இருப்பது. இந்த இரண்டும் சமமான சாவியையும் ஏற்றுக்கொள்ளும். லோயர், ஹையர் இரண்டும் ஏற்காது. கண்டிப்பாகக் கீழே, கண்டிப்பாக மேலே. ஃப்ளோர்என்ட்ரி(2944) தமிழைத் தரும். லோயர்என்ட்ரி(2944) ஒடியாவைத் தரும். சாவி மட்டும் போதுமென்றால் ஃப்ளோர்கீ, சீலிங்கீ என்று கேட்கலாம்.

இங்கே கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது: கீழே எந்தச் சாவியும் இல்லாவிட்டால் நல் வரும். ஃப்ளோர்என்ட்ரி(2000) என்று கேட்டுவிட்டு, சோதிக்காமல் கெட்வேல்யூ போட்டால் நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது பிழை எதையும் எழுப்பாது. ஃப்ளோர்என்ட்ரி(5000) என்று கேட்டுப் பாருங்கள். "சிங்களம்" என்று வரும். உண்மையில் 5000 ஓர் எத்தியோப்பிய எழுத்தின் எண். நம் மேப்புக்கு 3456-க்குமேல் எதுவும் தெரியாது. ஆகவே மேலே எந்த எண்ணைக் கொடுத்தாலும் சிங்களம் என்றே சொல்லும். தொகுதி எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் சொன்னோம், எங்கே முடிகிறது என்பதைச் சொல்லவில்லை. தவறு நம்முடையது.

இதைச் சரிசெய்ய எனக்குப் பிடித்த வழி, முடிவையும் மதிப்புக்குள்ளேயே வைப்பது. பெயர், முடிவு என்ற இரண்டு புலங்களோடு ஒரு சிறிய ரெக்கார்டு எழுதுங்கள். ஃப்ளோர்என்ட்ரி கொடுத்த விடையை எடுத்து, நாம் கேட்ட எண் அதன் முடிவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் "எதிலும் இல்லை" என்று திருப்பியனுப்புங்கள். தொகுதிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் இது தாங்கும். இடைவெளியே இல்லை, கடைசி முனை மட்டும்தான் திறந்திருக்கிறது என்றால், 3584 என்ற சாவியில் "பிற" என்று ஒரு காவல் மதிப்பைப் போட்டாலும் போதும்.

ஜாவாவே ஓர் எழுத்து எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று சொல்லும் தன் சொந்த மெத்தட்டில் இதே எண்ணத்தைத்தான் பயன்படுத்துகிறது: தொடக்க எண்களை வரிசைப்படுத்திய ஓர் அரே, அதில் ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடும் இருபாதித் தேடல். ஒதுக்கப்படாத இடைவெளிகள் அங்கேயும் நல் என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. தமிழின் 128 இடங்களில் 72-க்குத்தான் எழுத்துகள் உண்டு. தொகுதி தொடங்கும் 2944-இலேயே எந்த எழுத்தும் இல்லை. ஆகவே "தமிழ்த் தொகுதிக்குள் இருக்கிறது" என்பதும் "தமிழ் எழுத்து" என்பதும் ஒன்றல்ல. மேலும், முந்திரி (1/320) முதலிய பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12 உடன் 73664 என்ற எண்ணில் தொடங்கும் தனித் தொகுதியாக வந்தன. அவற்றை கேர்அட் என்ற மெத்தட் பாதியாகத்தான் எடுக்கும். கோட்பாயிண்ட்அட் கொண்டு முழு எண்ணை எடுத்து மேப்பிடம் கேட்கவேண்டும்.

மூன்றாம் படி: வரம்பை வெட்டி எடுப்பது

ஹெட்மேப் தொடக்கத்திலிருந்து ஒரு முனை வரை தரும். டெயில்மேப் ஒரு முனையிலிருந்து கடைசி வரை தரும். சப்மேப் இரண்டு முனைகளுக்கு நடுவே இருப்பதைத் தரும்.

தொகுதிகள்.ஹெட்மேப்(2944) ஐந்து தொகுதிகளைத் தரும்: தேவநாகரி முதல் ஒடியா வரை. தொகுதிகள்.டெயில்மேப்(2944) மீதி ஐந்தைத் தரும்: தமிழ் முதல் சிங்களம் வரை. தமிழ் இரண்டில் ஒன்றில் மட்டும் வருகிறது: இரண்டுமுறை வரவும் இல்லை, விடுபடவும் இல்லை. காரணம், ஹெட்மேப் தன் முனையைச் சேர்க்காது, டெயில்மேப் சேர்த்துக்கொள்ளும். சப்மேப் இந்த இரண்டையும் இணைத்து நடக்கும்: தொடக்கம் சேரும், முடிவு சேராது. தொகுதிகள்.சப்மேப்(2944, 3456) என்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம். சிங்களம் வராது.

புதியவர்கள் பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். "3456 வரை என்று கேட்டேன், ஏன் வரவில்லை?" என்கிறார்கள். இது குறையல்ல, பெரிய வசதி. எனக்கு இது ஒரு கணக்கில் புரிந்தது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பில்களை நேரவாரியாக ஒரு ட்ரீமேப்பில் வைத்திருந்தோம். மாத அறிக்கைக்கு ஏப்ரல் 1, 0 மணி முதல் ஏப்ரல் 30, இரவு 11 மணி 59 நிமிடம் 59 விநாடி வரை என்று வரம்பு வைத்திருந்தேன். அந்த மாதத்துக் கூட்டுத்தொகை ஒரு பில் அளவுக்குக் குறைந்தது. இரண்டு நாள் தேடினேன். அந்த பில் போடப்பட்ட நேரம் 11:59:59-க்குப் பிறகு, நள்ளிரவுக்கு முன், ஒரு விநாடியின் பின்னத்தில் இருந்தது. ஏப்ரல் அறிக்கையிலும் இல்லை, மே அறிக்கையிலும் இல்லை. வாடிக்கையாளர் பணம் கட்டியிருக்கிறார். நம் அறிக்கை அவரைப் பார்க்கவே இல்லை.

சரியான வரி இதுதான்:

பில்கள்.சப்மேப்(ஏப்ரல்1, மே1)

மே 1, 0 மணி என்பது முடிவு முனை, அது சேராது. அதற்கு முந்தைய நொடிப்பின்னம் எதுவானாலும் சேரும். அடுத்த மாதத்துக்கு சப்மேப்(மே1, ஜூன்1). ஒரு வரம்பின் முடிவே அடுத்ததின் தொடக்கம். மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்ற கவலையே வேண்டாம். நேரத்தைச் சாவியாக வைக்கும் எந்த மேப்பிலும் இந்த வடிவத்தையே பின்பற்றுங்கள். கூடவே ஒன்று: ஒரே நேரத்தில் இரண்டு பில்கள் வந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும், ஏனென்றால் மேப்பில் ஒரு சாவி ஒருமுறைதான். நேரத்தோடு பில் எண்ணையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். அல்லது மதிப்பை ஒரு லிஸ்ட்டாக வையுங்கள்.

முனை சேரவேண்டும் என்று உண்மையாகவே தேவைப்படும் இடங்களும் உண்டு. அதற்கு நான்கு அளவுருக்கள் கொண்ட வடிவம்:

தொகுதிகள்.சப்மேப்(2944, ட்ரூ, 3456, ட்ரூ)

இப்போது சிங்களமும் வரும். ஹெட்மேப்புக்கும் டெயில்மேப்புக்கும் இப்படி ஒரு ட்ரூ, ஃபால்ஸ் கொடுக்கலாம். இரண்டு அளவுரு வடிவம் சார்ட்டட்மேப்பைத் திருப்பித் தருகிறது. நான்கு அளவுரு வடிவம் நேவிகபிள்மேப்பைத் தருகிறது. வெட்டிய வரம்புக்குள்ளும் ஃப்ளோர்என்ட்ரி கேட்கவேண்டுமென்றால் பின்னதையே அழையுங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால், அதாவது தொடக்கம் முடிவைவிடப் பெரியதாக இருந்தால், இல்லீகல்ஆர்குமென்ட் எக்ஸெப்ஷன் வரும். முனைகள் பயனரிடமிருந்து வருமானால் அதை முன்கூட்டியே சோதித்து, அவருக்குப் புரியும்படி சொல்லிவிடுவது நல்லது.

நான்காம் படி: இது நகல் அல்ல, ஜன்னல்

ட்ரீமேப்பைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல அனுமதித்தால் இதைத்தான் சொல்வேன். சப்மேப் புதிய மேப்பைத் தருவதில்லை. மூல மேப்பின் ஒரு பகுதியைக் காட்டும் ஜன்னலைத் தருகிறது. மூலத்தில் ஒரு சாவி சேர்ந்தால், அது வரம்புக்குள் இருந்தால், ஜன்னலிலும் தெரியும். ஜன்னல் வழியே நீக்கினால் மூலத்திலிருந்தே போய்விடும்.

இதனால் கிடைக்கும் அழகான வரி ஒன்று:

பதிவுகள்.ஹெட்மேப்(முப்பதுநாள்முன்பு).கிளியர்()

முப்பது நாளுக்கு முந்தைய பதிவுகள் அனைத்தும் மூலத்திலிருந்து நீங்கிவிடும். லூப் போட்டு, நீக்கவேண்டிய சாவிகளைத் தனி லிஸ்ட்டில் சேர்த்து, இன்னொரு லூப்பில் நீக்கும் பத்து வரிகளுக்கு இது ஈடு.

இதே குணம் தெரியாமல் பயன்படுத்துபவரைக் காயப்படுத்தவும் செய்யும். ஓர் அறிக்கைக்காக வரம்பை எடுத்து, அதில் வேண்டாததை நீக்கி அழகுபடுத்தினால், மூலத் தரவு போய்விட்டது என்று பொருள். உங்களுக்குத் தனி நகல் வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேளுங்கள்: நியூ ட்ரீமேப்<>(ஜன்னல்). இன்னொருவரின் கோடுக்குக் கொடுக்கும்போதும், நீண்ட நாள் சேமித்து வைக்கும்போதும் நகலே கொடுங்கள். சிறிய ஜன்னல் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாலும் மூல மேப் முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும்.

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சாவியை அதன் வழியே புட் செய்ய முயன்றால் இல்லீகல்ஆர்குமென்ட் எக்ஸெப்ஷன். கெட் செய்தால் நல் மட்டும். மூலத்தில் அந்தச் சாவி இருந்தாலும் ஜன்னலுக்கு அது தெரியாது. ஜன்னலைச் சுற்றிவரும் லூப்பின் நடுவே மூலத்தில் சாவியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வர வாய்ப்பு மிக அதிகம். பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் பணிகள்) ஒரே மேப்பைத் தொடும் என்றால் ட்ரீமேப்பை விட்டுவிட்டு கன்கரன்ட்ஸ்கிப்லிஸ்ட்மேப்புக்கு மாறுங்கள். அதுவும் நேவிகபிள்மேப்தான், இங்கே சொன்ன மெத்தட்கள் எல்லாம் அதிலும் உண்டு.

ஜன்னலிடம் சைஸ் கேட்டால் அது ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்லும். மூல மேப் மாறினால் அடுத்தமுறை மறுபடி எண்ணும். "இந்த வரம்பில் ஏதாவது இருக்கிறதா" என்பதற்கு சைஸ் வேண்டாம், இஸ்எம்ப்டி கேளுங்கள். அது முதல் சாவியைப் பார்த்ததுமே விடை சொல்லிவிடும். காலியான ஜன்னலிடம் ஃபர்ஸ்ட்கீ கேட்டால் எக்ஸெப்ஷன், ஃபர்ஸ்ட்என்ட்ரி கேட்டால் நல்.

தலைகீழ் வரிசை வேண்டுமென்றால் முதலில் வரம்பை எடுத்துவிட்டு, பிறகு டிசென்டிங்மேப் போடுங்கள். முதலில் தலைகீழாக்கினால் முனைகளையும் தலைகீழாகக் கொடுக்கவேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: சொற்கள் சாவியாகும்போது

ஒரு சிறிய அகராதியை ஸ்ட்ரிங் சாவிகளோடு கட்டியிருக்கிறீர்கள். "க" வரிசையில் தொடங்கும் சொற்கள் எல்லாம் வேண்டும்:

அகராதி.சப்மேப்("க", "ங")

கப்பல், காகம், கிளி, கோவில் எல்லாம் வரும். உயிர்க்குறிகள் "க"வுக்குப் பின்னால் தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால் அவை அனைத்தும் "க"வில்தான் தொடங்குகின்றன. இனி முடிவு முனையை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

அகராதி.சப்மேப்("க", "கா")

இப்போது கப்பல், கல், கனவு போல வெறும் "க"வில் தொடங்குபவை மட்டும் வரும்; காகமும் கிளியும் வராது. யூனிகோடில் எல்லா மெய்களும் உயிர்க்குறிகளுக்கு முன்னால் நிற்பதால் இது அமைகிறது. முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

எந்த முன்னொட்டுக்கும் பொருந்தும் வழி வேண்டுமென்றால், முடிவு முனையாக முன்னொட்டோடு கேரக்டர் வகுப்பின் மேக்ஸ்வேல்யூவை ஒட்டிக் கொடுங்கள்.

ஆனால் வரிசை நம் அகராதி வரிசை அல்ல. "கனவு" இங்கே "கப்பல்" என்ற சொல்லுக்கு முன்னால் வரும், ஏனென்றால் யூனிகோடில் ன-வின் எண் ப-வுக்கு முந்தையது. நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி மெய். ற, ழ, ள ஆகியவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. வாசகருக்குக் காட்டப்போகும் பட்டியல் என்றால், நெடுங்கணக்குப்படி ஒப்பிடும் கம்பேரேட்டரை எழுதி ட்ரீமேப்பைக் கட்டும்போதே கொடுங்கள். கொடுத்த பிறகு "க" முதல் "கா" வரை என்பதற்கு என்ன பொருள் என்பதையும் அந்தக் கம்பேரேட்டரே முடிவு செய்யும். மேலே காட்டிய வரம்புகள் இயல்பான வரிசைக்கு உரியவை. புதிய கம்பேரேட்டருக்கு அவற்றை மறுபடி சோதிக்கவேண்டும். இரண்டு சாவிகளை அது சமம் என்று சொன்னால் ட்ரீமேப் அவற்றை ஒரே சாவியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஈக்வல்ஸ் என்ன சொல்கிறது என்று கேட்காது. பிக்டெசிமல் 2.0, 2.00 இரண்டும் ஹாஷ்மேப்பில் இரு சாவிகள், ட்ரீமேப்பில் ஒன்று.

"கொ" என்பதை ஒற்றைக் குறியாலும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மேப்புக்கு இரண்டும் வேறு. சாவியைச் சேர்க்கும்போதும் தேடும்போதும் நார்மலைசர் வகுப்பின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்கும் வடிவம்) மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: முனைகளைச் சோதிப்பது

வரம்புப் பிழைகள் நடுவில் ஒளிந்திருப்பதில்லை, முனைகளில்தான் இருக்கின்றன. ஆகவே 2965 சரியாக வந்ததே என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முனைக்கும் அதற்கு ஒன்று முன்னால், அதே எண், முடிவு, முடிவுக்கு ஒன்று பின்னால் என்று சோதியுங்கள். முடிவு எண்ணையும் சேர்த்து வைத்த நம் மேப்பிடம் கேட்டால் 2943-க்கு ஒடியா வரவேண்டும். 2944-க்குத் தமிழ், 3071-க்கும் தமிழ், 3072-க்குத் தெலுங்கு. 3583-க்குச் சிங்களம். 2303, 3584, 5000 மூன்றுக்கும் "எதிலும் இல்லை".